மகிழுந்தை மாற்றியமைத்தல்: அழகும் ஆற்றலும் அளவும்



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் மகிழுந்துக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். சனிக்கிழமை மாலையில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ சற்று நேரம் நின்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். தரையைத் தொடுமளவு தாழ்த்திய மைவி, அகன்ற சக்கரங்கள் பூட்டிய பழைய வீரா, தெருமுனைக்கு வருமுன்னரே ஒலியால் தம் வரவை உணர்த்தும் வண்டிகள் என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். அவற்றை ஓட்டுவோரில் நம் மாணவராக இருந்தவர்கள் பலர். இன்று வகுப்பில் அமர்ந்திருப்போரும் 17 வயது நிரம்பியதும் உரிமம் பெற்று அவ்வரிசையில் சேர விரும்புவர்.

வண்டியைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அவர்களது விருப்பத்தை நாம் இகழ வேண்டியதில்லை. வீட்டு வாசலில் கோலமிடுவதும் தேரைத் துணியாலும் மலராலும் ஒப்பனை செய்வதும் நம் வழக்கம். ஊர்தியை அழகுபடுத்துவதும் அத்தகைய ஆசையே. எனினும் கோலம் பிழைத்தால் அழித்து மீண்டும் இடலாம். வேகமாகச் செல்லும் வண்டியில் பிழை நேர்ந்தால் அதைத் திருத்த நேரம் இருப்பதில்லை. ஆகவே மாற்றியமைக்கும் கலையின் உள்ளியக்கத்தை விளக்கி, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னர்ச் செய்யலாம் என்னும் முறையை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இக்கலை வேரூன்றிய காரணம்

புரோட்டோன் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் மகிழுந்தாகிய சாகா 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது. ஷா ஆலத்தில் உருவான அவ்வண்டி, ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் பியோரே என்னும் வண்டியை அடிப்படையாகக் கொண்டது. 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சரின் வழிவந்ததே. அதே ஆண்டில் நிறுவப்பெற்ற பெரோடுவா, 1994இல் டைஹாட்சு மிராவை அடிப்படையாகக் கொண்டு கஞ்சிலை வெளியிட்டது. மலாய்மொழியில் கஞ்சில் என்பது சருகுமானைக் குறிக்கும். 660 சிசி இயந்திரம் கொண்ட அச்சிறு வண்டிக்கு அது பொருத்தமான பெயர். 2005இல் வந்த மைவியும் டைஹாட்சுவின் குடும்பத்தைச் சேர்ந்ததாகும்.

இந்த உறவுமுறையே மாற்றியமைத்தலுக்கு வாயிலாயிற்று. நம் நாட்டு வண்டிக்கு ஜப்பானில் ஓர் உடன்பிறப்பு உண்டு. ஒரே வகை அடித்தளத்தில் பிறந்தமையால் அவ்வுடன்பிறப்பின் இயந்திரம், பல்லிணைப் பெட்டி, தடையமைப்பு ஆகிய பலவும் சிறு மாற்றங்களுடன் இங்குள்ள வண்டியில் பொருந்தின. ஜப்பானில் பழைய வண்டிகளுக்கான கட்டாயச் சோதனை செலவு மிக்கது. ஆதலால் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையும் பலர் விரைவில் கைவிடுவர். அவற்றை முழு வண்டியாக இறக்குமதி செய்தால் வரி மிகும். எனவே முன்பாதியை மட்டும் அறுத்து உதிரிப் பொருளாகக் கொண்டுவந்தனர். 'ஹாஃப்கட்' என்று பட்டறைகளில் வழங்குவது இந்தப் பாதி வண்டியே. துறைமுகம் அருகிலிருந்ததால் கிள்ளான் வட்டாரத்தில் இவ்வணிகம் செழித்தது.

இத்துறையில் நம் மக்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. பிரிக்பீல்ட்சும் செந்தூலும் இரயில்வேயோடு வளர்ந்த ஊர்கள். செந்தூல் இரயில் பட்டறையில் உலோகம் கடைந்தும் பற்றவைத்தும் உழைத்த தமிழர் பலர். இன்று இளைஞர்கள் 'அண்ணே' என்று அழைத்தபடி பட்டறைக்குள் நுழைந்து தொழில் கற்பதும் அக்கைத்திறன் மரபின் தொடர்ச்சியே.

முறை என்பது யாது?

ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது 22. முதல் வேலையில் சேமித்த பணத்தில் பழைய வீரா ஒன்றை வாங்குகிறார். அதன் 1.5 லிட்டர் இயந்திரம் ஏறத்தாழ 90 குதிரைத்திறன் தரும். வீராவின் உறவு வண்டியாகிய லான்சர் எவலூஷன் III, 2 லிட்டர் டர்போ இயந்திரத்தால் 270 குதிரைத்திறன் தந்தது. அந்த இயந்திரத்தைப் பொருத்திவிட்டால் தம் வண்டியின் ஆற்றல் மும்மடங்காகும் என அவர் கணக்கிடுகிறார்.

கணக்கு சரியே. ஆயினும் அது பாதிக் கணக்கு. தடை, டயர், தொங்கலமைப்பு, உடற்சட்டம் ஆகிய அனைத்தும் இன்னும் 90 குதிரைத்திறனை எண்ணி வடிவமைக்கப்பட்டவையே. எவலூஷனைச் செய்தவர்கள் இயந்திரத்தை மட்டும் பெரிதாக்கவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தனர், தடையைப் பெரிதாக்கினர், உடலுக்கு வலுவூட்டினர். நம் இளைஞர் அம்மாற்றங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்.

வண்டி என்பது ஒன்றையொன்று சார்ந்த உறுப்புகளின் கூட்டு. ஆதலால் மேம்படுத்தலுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நிற்றல், அடுத்துப் பற்றுதல், பின்னர்த் திரும்புதல், இறுதியில் விரைதல். பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுவதே பட்டறைகளில் நாம் காணும் குறை.

இவ்வரிசை நம் மரபுக்குப் புதியதன்று. திருவிழாத் தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோரின் பணியை எண்ணிப் பாருங்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருக்கலாம். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை இடும் சிலர் கையில் உள்ளன. தமிழ்நாட்டில் 96 அடி உயரம் எனப் புகழ்பெற்ற திருவாரூர் ஆழித்தேரைப் புதுப்பித்தபோது, திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியால் இரும்பு அச்சும் சக்கரங்களும் நீரழுத்தத் தடையும் பொருத்தினர். மேலே மரச்சிற்பமும் துணியலங்காரமும் பழைய அழகோடு இருக்க, கீழே நிறுத்தும் திறன் வலுப்பெற்றது. மாற்றியமைத்தலுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாம் தேட வேண்டியதில்லை. வண்டியின் அச்சுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துக் கூறியதும் இங்கு நினைக்கத்தக்கது.

நிற்றல்: தடையமைப்பு

பிரேக் எனப்படும் தடையமைப்பு, வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக மாற்றுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்து மிகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 120 கிலோமீட்டரை எட்டினால், வேகம் இருமடங்கு. தடை விழுங்க வேண்டிய ஆற்றலோ நான்கு மடங்கு.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும் வழியைக் கருதுவோம். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல், 30 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஓட்டுநர் தாழ்ந்த பல்லிணையைப் பயன்படுத்தினால் இயந்திரமே அதன் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். அவ்வாறன்றித் தடையை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், பெரும்பகுதி வெப்பம் சில கிலோகிராம் எடையுள்ள இரும்புத் தட்டுகளிலும் அவற்றைப் பற்றும் பட்டைகளிலும் சேரும்.

அவ்வெப்பம் தடைநீர்மத்தையும் அடைகிறது. டாட் 3 வகைப் புதிய தடைநீர்மம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை, டாட் 4 வகை குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவரையறை. ஆனால் இந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச்சேரக் கொதிநிலை தாழும். நீர்மம் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். நீர்மம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த மிதி அடிவரை சென்றும் வண்டி நில்லாமற் போவது இதனாலேயே.

எனவே நம் இளைஞர் செலவிட வேண்டிய முதல் வெள்ளி, புதிய தடைநீர்மத்திற்கும் தரமான தடைப்பட்டைகளுக்கும் உரியது. இவை வெளியில் தெரிவதில்லை. நண்பர் எவரும் படமெடுத்துப் பாராட்டப் போவதுமில்லை. ஆயினும் வண்டியின் உயிர்நாடி இதுவே. ஒரு வண்ணத்திற்காகத் தடைப்பற்றிக்குச் சிவப்புச் சாயம் பூசுவதால் தடை வலுப்பெறாது என்பதையும் சொல்லிவைப்போம்.

பற்றுதல்: டயரும் சக்கர வளையமும்

வண்டி எத்துணை ஆற்றல் பெற்றிருப்பினும், அது சாலையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வோரிடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். விரைவதும் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியைப் பொறுத்தவை.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிக்கக் கற்பது நல்ல வகுப்புப் பயிற்சி ஆகும். 175/65 ஆர்14 82 எச் என்று இருப்பின், 175 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டும். 14 என்பது ரிம் எனப்படும் சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 82 என்னும் குறியீடு ஒரு டயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அது பொருந்தும் என்பதையும் உணர்த்தும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியெண் 2319 எனில், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அது செய்யப்பட்டது. பழைய டயரை மலிவாக வாங்குவோர் முதலில் காண வேண்டியது இவ்வெண்ணைத்தான்.

இப்போது கணக்கிடுவோம். இந்த டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். அழகுக்காக 15 அங்குல வளையம் பூட்ட விரும்பினால், 185/55 ஆர்15 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 584.5 மில்லிமீட்டர், வேறுபாடு மிகச் சிறிது. வளையம் பெரிதானது, பக்கச்சுவர் சிறிதானது, முழு விட்டம் மாறவில்லை. இதுவே முறையான மாற்றம். அவ்வாறு கணக்கிடாமல் 195/60 ஆர்15 பூட்டினால் விட்டம் 615 மில்லிமீட்டராகும். அப்போது பழைய டயருக்கு ஏற்ப அமைந்த வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி ஏறத்தாழ 105 கிலோமீட்டரில் செல்லும்; வளைவில் டயர் சக்கரக்கூண்டில் உரசவும் கூடும்.

எடையையும் மறக்கலாகாது. சக்கரம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்வதால், அதன் விளிம்பில் கூடும் எடையைச் சுழற்றவும் நிறுத்தவும் மிகுந்த ஆற்றல் வேண்டும். அகலமும் பளபளப்பும் கண்டு கனத்த வளையத்தைப் பூட்டுவோர், ஆற்றலை மிகுக்க எண்ணி இருந்த ஆற்றலை இழக்கின்றனர்.

திரும்புதல்: தொங்கலமைப்பு

ஒரு பொருளின் நிலைத்தன்மை அதன் அடித்தளப் பரப்பையும் உயரத்தையும் பொறுத்தது என்பதை நம் மாணவர் தொடக்கப்பள்ளி அறிவியலில் கற்கின்றனர். வண்டியைத் தாழ்த்துவதன் அறிவியல் இதுவே. உயரம் குறைந்தால் ஈர்ப்பு மையம் தாழும். வளைவில் எடை ஒருபக்கமாகச் சாய்வது குறையும். எனவே அளவோடு தாழ்த்துவது பயனுள்ள மாற்றமே.

அதை எவ்வாறு செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. வண்டியின் எடையைச் சுருள்வில் தாங்குகிறது. வில்லின் துள்ளலை அதிர்வடக்கி அடக்குகிறது. இரண்டும் இணைந்தே பயன்தருவன. செலவைச் சுருக்க எண்ணிச் சுருள்வில்லை அறுத்துவிடுவோர் உண்டு. ஆறு சுற்றுள்ள வில்லில் ஒன்றரைச் சுற்றை அறுத்தால் அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய அதிர்வடக்கியால் அவ்விறைப்பை அடக்க இயலாது. வண்டி துள்ளும், துள்ளும் கணத்தில் டயர் சாலையை விட்டு எழும். சக்கரம் பள்ளத்தில் முழுவதும் தொங்கும்போது குட்டையான வில் தன் இருக்கையிலிருந்து விலகவும் கூடும்.

முறையான வழி, ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்யப்பட்ட வில்லையும் அதிர்வடக்கியையும் சேர்த்து மாற்றுவதாகும். 'ஹைலோ' என்று நம் இளைஞர் சொல்லும் உயரம் மாற்றத்தக்க அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. அதைப் பொருத்தியபின் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. இல்லையேல் புதிய டயரின் உள்விளிம்பு சில திங்களிலேயே தேய்ந்துவிடும்.

விரைதல்: இயந்திரம்

முந்திய மூன்று படிகளும் நிறைவேறிய பின்னரே இயந்திரத்தைத் தொடுதல் தகும். இயந்திரத்தின் ஆற்றலுக்கு எல்லையிடுவது பெரும்பாலும் காற்றே. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எரிபொருளை மிகுதியாக ஊற்றுவது எளிது. அதற்கேற்ற காற்றை உட்செலுத்துவதே அரிது.

இதிலிருந்து மாற்றங்களின் பொருள் விளங்கும். காற்று வடிகட்டியை மாற்றுவது காற்றின் வழியை எளிதாக்கும். ஆனால் வடிகட்டியை இயந்திரக் கூண்டுக்குள் திறந்தபடி வைத்தால் அது சூடான காற்றையே உறிஞ்சும். 30 பாகைக் காற்றைவிட 60 பாகைக் காற்று ஏறத்தாழ 9 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஒலி பெருகும், ஆற்றலோ குறையும். வெப்பநாட்டில் வாழும் நாம் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உட்செலுத்தும் கருவி. அதன் அச்சு நிமிடத்திற்கு ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட சுற்றுகள் சுழலும். வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் அரை பார் அழுத்தம் கூட்டி, அக்காற்றைக் குளிரவும் வைத்தால், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று உள்ளே செல்லும். ஆனால் அழுத்தமும் வெப்பமும் மிகுந்தால் எரிபொருள் உரிய நேரத்திற்கு முன்னரே தானாக வெடிக்கும். 'நாக்கிங்' எனப்படும் இத்தட்டல் உந்துருளையை உடைக்க வல்லது. நம் நிலையங்களில் விற்கும் ரோன் 95, ரோன் 97 என்னும் எண்கள் இத்தட்டலைத் தாங்கும் திறனையே குறிக்கின்றன. ரோன் 95க்கென வடிவமைத்த எளிய இயந்திரத்தில் ரோன் 97 ஊற்றுவதால் மட்டும் ஆற்றல் பெருகிவிடாது.

எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி வரையறுக்கிறது. டர்போ போன்ற பெருமாற்றம் செய்து, கணினியைச் சரிசெய்யாமல் ஓட்டினால் இயந்திரம் நெடுநாள் நிலைக்காது. புகைக்குழாயை மாற்றுவோர், அதிலுள்ள வினையூக்கி மாற்றியை அகற்றிவிடுவதும் உண்டு. நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் உறுப்பு அது. அதை எடுத்தெறிந்தால் அண்டைவீட்டுக் குழந்தை அந்நச்சைச் சுவாசிக்கிறது.

அழகும் சட்டமும்

அழகுக்கான மாற்றங்களிலும் அறிவியல் உண்டு. பின்புறச் சிறகு, காற்றோட்டத்தால் வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துவதற்கானது. அவ்வழுத்தமும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நகர வேகத்தில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. மேலும் சாகா, வீரா, மைவி ஆகியவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றின் பின்புறத்தை அழுத்துவதால் இழுக்கும் சக்கரத்தின் பிடி கூடாது. ஆகவே சிறகை அணிகலனாகக் கருதி அணியலாம். அதனால் வேகம் கூடும் என்று நம்ப வேண்டா. பிரதிபலிப்பு விளக்குக் கூட்டில் பொருந்தாத மிகுவொளி விளக்கைப் பொருத்துவது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும். காற்றுப்பை கொண்ட திருப்பு வளையத்தை எடுத்துவிட்டுப் பந்தய வளையம் பூட்டுவது, மார்பைக் காக்கும் கவசத்தைக் கழற்றி எறிவதாகும்.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டு வாகன அமைப்பு விதிகளும் இத்துறையை நெறிப்படுத்துகின்றன. இயந்திரத்தை மாற்றுவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலைப் பெற்று, வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி, பதிவில் மாற்றம் செய்தல் வேண்டும். புகைக்குழாயின் ஒலிக்கு 1987ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் ஒழுங்குவிதிகள் வரம்பிடுகின்றன. 2019 மே 8 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, தனியார் வண்டியின் முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடும், முன்பக்கச் சன்னல்கள் குறைந்தது 50 விழுக்காடும் ஒளியை ஊடுருவ விட வேண்டும். பின்புறக் கண்ணாடிகளுக்கு அவ்வரம்பு தளர்த்தப்பட்டது.

இங்கும் ஒரு கணக்கு. 80 விழுக்காடு ஒளியை விடும் சன்னல் கண்ணாடியில் 60 விழுக்காடு விடும் தாளை ஒட்டினால் விளைவு 60 ஆகாது. இரண்டையும் பெருக்கினால் 48 விழுக்காடே வரும். தாளின் உறையில் 60 என்று படித்து வாங்கியவர் சட்டத்தை மீறியவராகிறார். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிக்காமல் விடுவதும் ஆபத்தானது. விபத்து நேர்ந்தபின் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலுக்கு உள்ளாகலாம்.

வேகத்திற்கு உரிய இடம்

வேகத்தின் மீதுள்ள ஆசைக்கு நெடுஞ்சாலை உரிய களமன்று. 1968 முதல் ஷா ஆலத்தில் இயங்கிய பத்து தீகா பந்தயத்தடம் 2003இல் மறைந்தது. 1999இல் திறக்கப்பெற்ற சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமுடையது. தம் சொந்த வண்டியை அங்கே ஓட்டிப் பழக வாய்ப்புகள் அளிக்கப்படுகின்றன. சாலையில் எதிரே எவரேனும் வரக்கூடும் என்னும் அச்சமின்றி, மருத்துவ ஊர்தி காத்திருக்க, வண்டியின் உண்மையான திறனை அங்கே அறியலாம். ஒருமுறை அவ்வாறு ஓட்டியவர், தம் வண்டிக்குத் தேவை குதிரைத்திறனா, தடையா என்பதைத் தாமே உணர்ந்து திரும்புவர்.

நம் நாட்டின் கரம்ஜித் சிங் 2002ஆம் ஆண்டில், ஆலன் ஓ வழித்துணைவராக அமர, புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்தி வாகனப் பிரிவின் உலக நெடுவழிப் பந்தயப் பட்டத்தை வென்றார். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன், சிறிய மாருதி 800 வண்டியின் இயந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். அவ்வகைக் காரில் தொடக்கக் காலத்தில் பழகிய நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டில் நம் சிப்பாங் தடத்திலும் ஓட்டினார். மாருதி 800இன் இயந்திரம் 796 சிசி. நம் கஞ்சிலினின்று அதிகம் வேறுபட்டதன்று. சிறிய இயந்திரத்தை முழுமையாக அறிந்தவர் வளர்வதற்கு அதுவே போதுமான தொடக்கமாயிற்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இனி, மொழி மன்றம் ஏன் இதைப் பேச வேண்டும் என்னும் முதல் வினாவுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் உராய்வு, விசை, நிலைத்தன்மை என்று கற்ற மாணவர், இடைநிலைப்பள்ளியில் அவற்றையே மலாய்மொழியில் கற்கிறார். பட்டறைக்குச் சென்றால் ஆங்கிலமும் கந்தோனியமும் கலந்த வேறு சொற்களைக் கேட்கிறார். மூன்றும் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்று எவரும் அவருக்குச் சொல்வதில்லை. ஆகவே தேர்வுக்குப் படித்த உராய்வும் தம் வண்டியின் தடையும் வெவ்வேறு உலகங்களாக அவர் மனத்தில் நின்றுவிடுகின்றன. சுருள்வில்லை அறுக்கும் இளைஞர் அறிவில்லாதவர் அல்லர். அவர் கற்ற அறிவு பட்டறை வாசலில் அவருக்குத் துணைவரவில்லை.

அந்த இணைப்பை உண்டாக்குவதே நம் கடமை. அச்சு, குடம், ஆரக்கால், கடையாணி என்று சக்கரத்தின் உறுப்புகளுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. தடை, சுருள்வில், அதிர்வடக்கி, பல்லிணை என்னும் சொற்களையும் அவ்வாறே புழங்கலாம். டயர், டர்போ போன்ற வழக்குச் சொற்களை விலக்க வேண்டியதில்லை. சொல் எதுவாயினும் அதன் வேலை விளங்க வேண்டும் என்பதே முதன்மை.

ஆசிரியர்கள் ஒரு பாடவேளையைப் பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்தில் நடத்தலாம். மாணவர் ஒவ்வொரு டயரின் எண்ணையும் குறித்து, விட்டத்தைக் கணக்கிட்டு, செய்த ஆண்டைக் கண்டறியட்டும். இத்துறையில் ஆர்வமுள்ளோர்க்கு ஐந்தாம் படிவத்திற்குப் பின் தொழிற்கல்லூரியும் மலேசியத் திறன் சான்றிதழும் உள்ளன என்பதை எடுத்துரைக்கலாம். வண்டிமேல் ஆசை கொண்ட மாணவரை நாம் கடிந்துகொண்டால் அவர் பட்டறைக்குப் போவது நிற்காது. நம்மிடம் கேட்பதுதான் நிற்கும்.

மாணவர்களே! உங்கள் வண்டியை அழகாக்குங்கள், ஆற்றலையும் கூட்டுங்கள். ஆனால் பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு வினாக்களை எழுதிக்கொள்ளுங்கள். இது நிற்குமா? பற்றுமா? திரும்புமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை எழுத முடிந்த பின்னரே நான்காவது வினாவாகிய 'விரையுமா?' என்பதைக் கேளுங்கள். நீங்கள் ஓட்டிச்சென்ற வண்டியின் ஒலி எப்போது வாசலில் கேட்கும் என்று வீட்டில் சிலர் காத்திருக்கின்றனர்.